லெச்சுமி, லெட்சுமி, இலட்சுமி

ஹந்தானையில் மழை இறங்கிவிட்டால் கெம்பஸில் யாரும் எங்கேயும் போக முடியாது. கிடைத்த கூரைக்குக் கீழே ஒதுங்கி, பிளேன்டீ குடித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்படி ஒதுங்கிய ஒரு பின்னேரம் எங்கள் பேட்ச்காரன் ஒருவன் மடித்த தாள் ஒன்றை மேசையில் விரித்தான். அவனுடைய அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்து முப்பது நாள். பேர் முடிவாகிவிட்டது: யாழினி. முடிவாகாதது எழுத்து.

தாளில் ஆங்கிலத்தில் மூன்று வரி. முதலாவது ‘எல்’ போட்ட யாழினி, ஆறு எழுத்து. இரண்டாவது ‘இசட், எச்’ போட்ட யாழினி, ஏழு எழுத்து. மூன்றாவது, ஜாதகம் எழுதியவர் கொடுத்தது: ஒய், இரண்டு ஏ, இசட், எச், ஐ, என், கடைசியில் இரண்டு ஐ. ஒன்பது எழுத்து. தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே யாழினிதான். இலங்கையில் ஒரு பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். மிச்சம் பன்னிரண்டு நாள்.

“ஹிஸ்ட்ரி செய்றோம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறோம்தானே. எது சரின்னு சொல்லுங்க பாப்போம்” என்றான்.

நாங்கள் முதலில் செய்தது சிரித்ததுதான். பிறகு போனை எடுத்துக் கணக்குப் போட்டோம். எண்கணிதத்தில் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. ஏ, ஐ, ஒய்க்கு 1, எல்லுக்கு 3, எச், என்னுக்கு 5, இசட்டுக்கு 7. எல் போட்ட யாழினிக்குக் கூட்டுத்தொகை 12, அதாவது 3. இசட்-எச் போட்ட யாழினிக்கு 21, அதுவும் 3! ழகரத்துக்கு எல் எழுதுவதா இசட்-எச் எழுதுவதா என்று எத்தனையோ பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். இசட்டும் எச்சும் சேர்ந்தால் 12, எல் வெறும் 3, வித்தியாசம் 9. ஒன்பதைக் கூட்டினாலும் கழித்தாலும் கடைசியில் வரும் ஒற்றை எண் மாறாது. ஆக இந்த ஒரு சண்டையை எண்கணிதத்தால் தீர்க்கவே முடியாது. பிள்ளை 5ஆம் திகதி பிறந்தவள் என்பதால் ஜாதகக்காரருக்கு 5 வேண்டும். அதுக்காகத்தான் ஒரு ஏ, ஒரு ஐ கூடுதலாக ஏறி 23 ஆகியிருக்கிறது. இரண்டையும் மூன்றையும் கூட்டினால் 5.

இதெல்லாம் ஏதோ நம்முடைய பழைய சாத்திரம் என்று நினைத்தவர்கள் எங்களிலும் இருந்தார்கள். கல்தேயர் முறை என்று சொல்லப்படும் இந்தக் கணக்கை உலகம் முழுக்கப் பரப்பியவர் ‘கீரோ’ என்ற பெயரில் எழுதிய வில்லியம் ஜான் வார்னர், 1866இல் அயர்லாந்தில் பிறந்தவர். எண்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1926இல் வந்தது. ஏறத்தாழ நூறு வருட வழக்கம் ஒன்று தமிழ்ப் பிள்ளைகளின் பேரில் ஏ-யையும் எச்-சையும் தூவிக்கொண்டிருக்கிறது.

அந்த வார இறுதியில் நாங்கள் நாலைந்து பேர் மலையில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனோம். லயத்துக் காம்பராவில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தாளை நடுவில் வைத்துக்கொண்டு அக்காவும் மச்சானும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். புதுசா, ஸ்டைலா இருக்கட்டுமே என்பது மச்சான் கட்சி. நாளைக்கு ஸ்கூலில் எல்லா டீச்சரும் பிழையா எழுதுவாங்க என்பது அக்கா கட்சி. அவனுடைய அம்மாயி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு சொப்பிங் பேக்கைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார்.

“நீங்க படிச்ச புள்ளைங்கதானே. இதுல நான் யாருன்னு சொல்லுங்க.”

உள்ளே நாலு தாள். அம்மாயியை ஊரில் எல்லோரும் கூப்பிடுவது லெச்சுமி. தோட்டத்துச் சம்பளச் சீட்டில் ஆங்கிலத்தில் ‘லெட்சுமி’, நடுவில் டி-சி-எச், முடிவில் வை. கல்யாணப் பதிவில் தமிழில் ‘இலட்சுமி’. சிங்களத்தில் அச்சடித்த பழைய அடையாள அட்டையில் ‘லக்ஷ்மி’. ஓய்வுக்காலப் பணத்துக்கான படிவத்தில் ‘லச்சிமி’. மலையில் முப்பது வருடத்துக்கும் மேல் கொழுந்து பறித்தவருக்கு அந்தப் பணம் கைக்கு வர முடியாமல் போனது இந்த நாலு லெச்சுமியும் ஒரே ஆள்தான் என்று காட்டும் வரைக்கும். ஒரு ஜே.பி.யிடம் சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி, ஒரு அலுவலகத்துக்கு எத்தனை தடவை பஸ் ஏறினார் என்று அவரே எண்ணி வைத்திருக்கவில்லை.

அந்த நாலு எழுத்தையும் பிழை என்று தள்ளிவிடத்தான் முதலில் தோன்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காலமும் ஒரு கையும் இருக்கிறது.

சம்பளச் சீட்டில் இருந்து தொடங்குவோம். கண்டிச் சீமையின் கோப்பிக் காலத்திலும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதற்குப் பிறகு வந்த தேயிலைக் காலத்திலும், தமிழ்நாட்டில் இருந்து வந்த ஆட்களின் பேர் முதன்முதலில் தாளில் ஏறிய இடம் பிறப்புப் பதிவு இல்லை, செக்ரோல். இன்றைக்கும் தோட்டத்தில் “பேர் பதிஞ்சாச்சா?” என்று கேட்டால் பிள்ளைக்குப் பேர் வைத்தாச்சா என்று அர்த்தமில்லை, வேலைக்குப் பேர் சேர்த்தாச்சா என்றுதான் அர்த்தம். காலையில் பெரட்டுக்களத்தில் கங்காணி சொல்லுவார், கிளாக்கர் எழுதுவார், தொரை கையெழுத்து வைப்பார். பேருக்குச் சொந்தக்காரி எழுத்தறியாதவள். என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குக் காட்டவேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

பேரே தேவைப்படாத காலமும் இருந்தது. 1901இல் தகர வில்லை முறை வந்தது. வருகிற ஆளுக்கு ஒரு தகரத் துண்டு. அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண். ஆள் எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும், பொதிக்கு ஒட்டுகிற சீட்டு மாதிரி. ஒரு தோட்டம் விட்டு இன்னொன்றுக்குப் போக ‘துண்டு’ வேண்டும், கடன் தீர்ந்துவிட்டது என்று பழைய தோட்டம் கொடுக்கும் தாள். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

அந்த டி-சி-எச்சுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘மெட்ச்’, ‘கெட்ச்’ என்பதை எப்படி எழுதுகிறார்களோ அதே டி-சி-எச். லெச்சுமி என்று வாய் சொன்னதை ஒரு கிளாக்கரின் காது அப்படியே பிடித்திருக்கிறது. சமஸ்கிருதப் புத்தகத்து லக்ஷ்மியை அவர் எழுதவில்லை, பெரட்டுக்களத்தில் கேட்ட லெச்சுமியை எழுதினார். மலேசியாவில் றப்பர்த் தோட்டத்து வழி வந்தவர்களின் பேர்ப்பட்டியலைப் பாருங்கள், அங்கேயும் அதே டி-சி-எச் போட்ட லெட்சுமிகளும் லெட்சுமணன்களும் வரிசையாக வருவார்கள். சென்னையில் அந்த எழுத்தைப் பார்த்தால் யாராவது சிரிக்கக்கூடும். எங்களுக்கு அது, எழுத வாசிக்கத் தெரியாத ஒரு தலைமுறையின் குரல் தாளில் தங்கிப்போன இடமாகத் தெரிகிறது. வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் தங்கிவிட்டது.

இந்த எழுத்து விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போனது 1948இல். அந்த வருடத்து 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டவேண்டும். செக்ரோலில் மட்டும் பேர் இருந்தவர்கள் பாட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவார்கள்? அதற்கு முந்திய வருடம்தான், 1947 தேர்தலில், இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. தலவாக்கலையில் இருந்து பாராளுமன்றம் போனவர் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. பேர் பெற்ற அந்தத் தலைமுறையின் வாக்கையே அடுத்த இரண்டு வருடத்துக்குள் பறித்தாயிற்று.

1949இல் இன்னொரு சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவாளருக்கானது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னால் மணமானவர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததை நிரூபித்தால் விண்ணப்பிக்கலாம். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. இடைவிடாமல் இருந்ததை நிரூபிப்பது என்றால் என்ன? ஒரு தோட்டத்துச் செக்ரோலில் இருந்த ராமசாமியும் அடுத்த தோட்டத்துச் செக்ரோலில் இருந்த ராமசாமியும் ஒரே ராமசாமிதான் என்று காட்டுவது. ஒவ்வொரு தோட்டத்திலும் இருபது ராமசாமி. அதில் ஒரு கிளாக்கர் ஓர் எழுத்தைக் கூட்டி இன்னொருவர் குறைத்து எழுதியிருந்தால், நடுவில் இருக்கிற வருடங்களை யார் கணக்கில் சேர்ப்பது? தன் பேரைத் தானே எழுதாத மனிதன், அந்தப் பேருக்குத் தானே பொறுப்பு என்று வந்து நிற்கவேண்டியிருந்தது.

அம்மாயியின் தகப்பனார் விண்ணப்பித்தாராம். தள்ளிவிட்டார்களாம். காரணம் எழுதிய தாள் வீட்டில் இல்லை.

பிறகு 1964 அக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். பத்து வருடம் கழித்து அவர்களையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து கப்பல். அம்மாயியின் மூத்த அண்ணன் அப்படிப் போனவர். நீலகிரிப் பக்கம் கூடலூரில் அவருடைய பிள்ளைகள் தகப்பன் பேரை ‘லட்சுமணன்’ என்று எழுதுகிறார்கள். இங்கே இருக்கிற பழைய தாளில் அவர் லெட்சுமணன். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும் எழுத்தால்கூட இரண்டு நாட்டு ஆட்களாகிவிட்டார்கள். அம்மாயிக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது 1988இன் விசேட ஏற்பாட்டுச் சட்டத்தோடு. அப்போது அவர் பேரப்பிள்ளை எடுக்கவில்லை, ஆனால் மூன்று பிள்ளை பெற்றுவிட்டார்.

அடையாள அட்டை அதற்குப் பிறகு வந்தது. சிங்களம் மட்டும் சட்டம் 1956இல். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் ஏறியது 1987இல். ஆனால் வடகிழக்குக்கு வெளியே அடையாள அட்டையில் தமிழ் எழுத்து வர 2014 ஆகிவிட்டது. ஆகவே அம்மாயியின் பழைய அட்டையில் சிங்களத்தில் லக்ஷ்மி. எழுதியவர் கெட்டவர் இல்லை. லெச்சுமி என்று காதில் விழுந்ததும் அவருக்குத் தெரிந்த திருத்தமான வடிவத்தை எழுதியிருக்கிறார், க்ஷ சிங்களத்துக்குக் கைவந்த எழுத்து. கல்யாணப் பதிவில் ‘இலட்சுமி’ என்று எழுதிய தமிழ்ப் பதிவாளரும் அதையேதான் செய்தார், வேறு இலக்கணப்படி. தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது, வடசொல்லை எடுத்தால் வடவெழுத்தை விலக்கி எழுது என்கிறது. அவர் ஓர் இகரத்தைச் சேர்த்து அம்மாயியைத் தமிழாக்கிவிட்டார். ஒருவர் காதை நம்பினார், மற்ற இருவர் புத்தகத்தை நம்பினார்கள். “உங்க பேரை எப்படி எழுதணும்?” என்று கேட்டவர் மட்டும் ஒருத்தரும் இல்லை.

அந்த இலக்கணத்தை இறுக்கிப் பிடித்தால் நாங்கள் இருக்கும் மலைக்கே பேர் இல்லாமல் போகும். ஹகரத்தில் எந்தத் தமிழ்ச் சொல் தொடங்குகிறது? ஹட்டனை அட்டன் என்று எழுதுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு, அம்மாயி வாயில் இது அந்தானைதான். கண்டியும் ஒழுங்கான பேர் இல்லை. சிங்களவர்களுக்கு இது மகநுவர. மலைமேல் இருக்கும் நாடு என்ற பொருளில் அவர்கள் சொன்ன ‘கந்த உட ரட்ட’வின் தலைச்சொல்லைப் பறங்கியர் பிய்த்து எடுத்துக்கொண்டதுதான் இன்றைய கண்டி. ஒரு ஊரே அரைகுறையாகக் கேட்ட பேரோடு ஐந்நூறு வருடம் சமாளிக்கலாம். ஊருக்கு யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது யாழினிக்கு வரலாம். இந்த மாதிரிப் பேர் எங்கள் லயத்துக்கு எப்படி வந்தது? வேதாசலம் என்ற பேரை விட்டு மறைமலை ஆனவர் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் 1916இல். அதன் அலையும் பிறகு திராவிட இயக்கத்தின் அலையும் கடல் தாண்டின. மலையகத்தில் ஏ. இளஞ்செழியன் முன்னின்ற இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் இருந்தது; அவர் பேரிலேயே ழகரம் இருக்கிறது. கருப்பாயி, மூக்கன் என்ற பேர்களுக்குப் பக்கத்தில் தமிழ்ச்செல்வியும் அன்பழகனும் வந்தார்கள். கொஞ்ச காலம் கழித்து இலங்கைக்கே உரிய இன்னொரு அலை: டிலக்ஷன், நிரோஷன், லக்ஷிகா. இலக்கணம் விலக்கச் சொன்ன அத்தனை எழுத்தும் வாசல் திறந்து உள்ளே வந்துவிட்டது. தமிழா சிங்களமா என்று பேரைப் பார்த்து உடனே சொல்லமுடியாத பேர்கள். எண்பதுகளைக் கடந்து வந்த அப்பா அம்மாக்கள் அப்படி ஒரு பேரை ஏன் விரும்பினார்கள் என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை.

ழ-வுக்கு இசட்-எச் என்பது தமிழ்நாட்டு வழக்கம். இங்கே நாம் பெரும்பாலும் எல் தான் போடுகிறோம், ஈழம் என்பதற்கே எல்தானே. சிங்களத்தில் ழகரம் கிடையாது. தமிழைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லிலேயே அது ளகரமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் நம்ம வாயிலும் அது பாதி நேரம் ளகரம்தான். அம்மாயி பிள்ளையைக் கூப்பிடுவது “யாளினி” என்று. ஆக மூன்றாவது வரியில் இருக்கும் இசட்டும் எச்சும் இரட்டை ஐ-யும் அந்த வீட்டில் யாருடைய நாக்கிலும் இல்லாத ஒலிக்காகப் போட்டவை.

எங்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை வரவில்லை. திரும்பி இறங்கி வரும்போது ஒருத்தி நன்றாகக் கேட்டாள்: நூறு வருடம் கிளாக்கரும் பதிவாளரும் இஷ்டத்துக்கு எழுதினாங்க, இப்பதான் முதல் தடவையா ஒரு அப்பா தன் பிள்ளை பேரைத் தானே எழுதப் போறாரு, அதுல ரெண்டு எழுத்து கூடுதலா போட்டா உங்களுக்கு என்ன கஷ்டம்? அது பிழையான கேள்வி இல்லை. துருக்கியின் 1928 எழுத்துமுறையில் கியூ, டபிள்யூ, எக்ஸ் கிடையாது. குர்திய மக்கள் நெவ்ரோஸ் என்று டபிள்யூ போட்டுப் பிள்ளைக்குப் பேர் பதியப் போனால் மறுத்தார்கள். 2013இல்தான் அந்த எழுத்துகளுக்கு வழி விட்டார்கள். ஒரு எழுத்துக்காக 85 வருடம். வழக்கமில்லாத எழுத்து என்று நாம் சொல்வது சில நேரம் அதிகாரத்தின் வழக்கத்தில் இல்லாதது என்பது மட்டும்தான்.

ஆனால் நெவ்ரோஸில் இருக்கும் டபிள்யூ அந்த மக்களின் வாயில் இருக்கிறது. மச்சானின் இரண்டாவது ஐ எங்கே இருக்கிறது? அதை எழுதச் சொன்னது அவரும் இல்லை, ஜாதகக்காரர். கிளாக்கர் போய் இன்னொருவர் வந்திருக்கிறார், அதுவும் காசு வாங்கிக்கொண்டு. நாங்கள் சாய்ந்தது இந்தப் பக்கம். 2017இல் இருந்து வரும் புதிய அடையாள அட்டையில் விவரம் மூன்று மொழியிலும் இருக்கும். மூன்று எழுத்தில் மூன்று கை எழுதும்போது ஒன்பது எழுத்தில் எங்கேயாவது ஒரு ஐ விழும். விழுந்தால் கொழும்பில் கார் வைத்திருப்பவருக்கு அது ஒரு போன் கோல். லயத்தில் இருப்பவருக்கு அரை நாள் பேர், அதாவது சம்பளம், போகும்.

மேலே போய் இதை அப்படியே சொல்லவில்லை, சொல்லக்கூடிய உறவும் எங்களுக்கு இல்லை. அம்மாயியின் நாலு தாளையும் வரிசையாக வைத்து, எது எங்கிருந்து வந்தது என்று நாங்கள் யோசித்ததை மட்டும் சொன்னோம். மச்சான் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, “அப்ப டி-சி-எச் சரியாத்தான் போட்டிருக்கான்” என்றார்.

முப்பத்தொன்பதாவது நாள் பதிந்தார்கள். தமிழில் யாழினி, ஆங்கிலத்தில் எல் போட்ட ஆறு எழுத்து. ஒன்பது எழுத்துக்காரி முதலாம் பிறந்தநாள் கேக்கில் வருவாள் என்று ஒரு சமாதானம். நண்பன்தான் கூடப் போனான். படிவத்தை எழுதியவர் முதலில் யாலினி என்று எழுதிவிட்டாராம். அக்கா எட்டிப் பார்த்து, “சேர், ழ போடுங்க, மழைக்கு வாற ழ” என்று சொல்லித் திருத்த வைத்திருக்கிறாள். திரும்பி வந்ததும் அம்மாயி பிள்ளையைக்கூடத் தூக்கவில்லை.

“எல்லாத் தாள்லயும் ஒரே மாதிரி இருக்கா?” என்று கேட்டாராம்.

“இருக்கு அம்மாயி.”

“இன்னொருக்கா வாசி.”